ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டினேன்

தொண்ணூறுகளின் தொடக்கம். ரொறன்ரோவில் எனக்கு அது முதல் குளிர்காலம். நாலு விரலையும் ஒரே பைக்குள் அடைக்கும் மிற்றனைக் கடையில் பார்த்து, குழந்தைப்பிள்ளைச் சாமான் என்று சிரித்துவிட்டு, ஐந்து விரலும் எடுப்பாகத் தெரியும் கம்பளிக் கையுறையை வாங்கினேன். என் விரல்களைப் பார்க்க அங்கே யார் இருந்தார்களோ!

ஒருநாள் வேலை முடிந்து வரும்போது பனியில் கையூன்றி விழுந்தேன். கையுறை நனைந்து விறைத்தது. டோர்செட் பார்க் பகுதியில் என் அப்பார்ட்மென்ற் வாசலுக்கு வந்தபோது விரல்களில் உணர்வே இல்லை. கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றியும் சாவியைப் பிடிக்க முடியவில்லை. பயத்தில் முழங்கையால் என் கதவையே தட்டினேன்.

எதிர்வீட்டு அன்ரி எட்டிப் பார்த்தார். "நீர் தனியத்தானே இருக்கிறீர் தம்பி, ஆரைக் கூப்பிடுறீர்?"

"என்னைத்தான் அன்ரி. நான் இன்னும் வரேல்லைப் போல கிடக்கு."

அவர் சிரிக்கவில்லை. வெளிறிய விரல்களைக் கண்டு தன் வீட்டுக்குள் இழுத்துப்போனார். நான் சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்கப் போக, "விசரே உமக்கு? தோல் வெந்தாலும் இப்ப தெரியாது!" என்று அதட்டி, இளஞ்சூட்டு நீரில் கைகளை வைத்தார். உணர்வு திரும்பியபோது அழுதேன். வலியால் என்று சொல்லிவைத்தேன்.

இப்போது பனிச்சறுக்குக்காரர் போடும் மிற்றன்தான் போடுகிறேன். நீர் புகாது, மணிக்கட்டுக்கு மேலும் மூடும். நான் சறுக்குவது வழக்கம்போல நடைபாதையில் மட்டும். உள்ளே நாலு விரலும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு சூடாக இருக்கின்றன. என் வீட்டில் கூட்டுக்குடும்பம் அவைதான்.