ஆயிரத்து அறுநூறு என்று ஒரு லெட்டர்

வளைகுடாவில், அல் குசைஸில் ஒரு மலையாளியின் ஹோட்டலில் ஆறாவது வருடமாகப் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தேன். லேபர் காண்ட்ராக்டில் என் சம்பளம் எழுநூறு திர்ஹம். கையில் வாங்கியது ஆயிரத்து அறுநூறு. மீதித் தொள்ளாயிரம் எந்தக் காகிதத்திலும் கிடையாது. அந்த நாட்டில் இன்கம்டாக்ஸ் இல்லை என்பதால் அதை யாரும் கேட்பதில்லை. யாரும் கேட்காமலிருப்பதே எனக்குப் பயமாக இருக்கும்.

ஊரில் என் வீட்டுக்குத் தளம் போட்ட வாரம், மனைவியின் அண்ணன் போனில் சொன்னார்.

"மாப்ள, பக்கத்து ஊர்ல புது வீடாப் பாத்து இன்கம்டாக்ஸ்காரன் விசாரிக்கிறானாம். சம்பளக் காயிதம் ஏதும் இருந்தா எடுத்து வச்சுக்கங்க."

என்னிடம் இருந்தது எழுநூறு போட்ட காகிதம். எழுநூறில் அந்த வீட்டின் வாசல்படி வரைதான் கட்டியிருக்க முடியும். நான் எட்டாவதோடு நின்றவன். வரி என்றால் எனக்குத் தெரிந்தது ஜப்தி ஒன்றுதான். மாவு பிசையும்போதெல்லாம் யாரோ டேப் வைத்து வீட்டை அளப்பதுபோல் இருந்தது.

"ஒங்க ஊருக்கு ஒரு நாளைக்கு ரெண்டு பஸ்ஸுன்னு நீதானய்யா சொன்ன?" என்றார் கூட வேலை பார்த்த டீ மாஸ்டர். "அதப் புடிச்சு ஆபீசர் வர்றாராக்கும். மாவப் பிசை."

நான் முதலாளியிடம் போய், உண்மையான சம்பளத்தை எழுதி ஒரு லெட்டர் கேட்டேன்.

"ஆயிரத்தறுநூறுன்னு ஞான் எழுதித் தந்தா, நாளைக்கு நீ லேபர் ஆபீஸ் போயி அந்தக் கணக்குல கிராஜுவிட்டி கேக்கும்."

"கேக்க மாட்டேன் சேட்டா."

"அப்போ அத எழுதித் தா."

கிராஜுவிட்டி என்பது வேலையை விட்டுப் போகும்போது, பார்த்த வருடங்களுக்குக் கணக்குப் போட்டுத் தரும் பணம். அன்றுவரை சேர வேண்டியது எல்லாம் எனக்கு வந்து சேர்ந்துவிட்டதாக ஒரு காகிதம் தயாரானது. ஆங்கிலத்தில் இருந்தது. என் பெயர் மட்டும் படிக்க முடிந்தது. அது எப்போதோ போகும்போது வருகிற பணம், இன்கம்டாக்ஸ்காரன் நாளைக்கே வருகிறவன் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

"ஆறு வருசத்தக் குடுத்துட்டு லெட்டர் வாங்கியாந்துருக்கியா?" என்றார் டீ மாஸ்டர். அதற்குமேல் அவர் கிண்டல் செய்யவில்லை. அது இன்னும் கவலையாக இருந்தது.

லீவில் ஊருக்குப் போனதும் டவுனில் ஒரு ஆடிட்டரைப் பார்த்தேன். அவர் லெட்டரை இரண்டு பக்கமும் திருப்பினார்.

"லீவுக்கு எப்ப எப்ப வருவீங்க?"

"ரெண்டு வருசத்துக்கு ஒருக்க, ரெண்டு மாசம்."

"அப்ப வருசத்துல பாதிக்கு மேல வெளிநாட்டுலதான இருக்கீங்க, அந்தச் சம்பளத்துக்கு இங்க வரியே கிடையாதுங்க. பேங்க் வழியாத்தான அனுப்புனீங்க? அந்த ரசீது போதும். இத எதுக்கு வாங்குனீங்க?"

இப்போது சொன்னதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்தார். இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

லீவு முடிந்து போன முதல் நாளே லெட்டரை முதலாளியிடம் நீட்டினேன். இது தேவைப்படவில்லை, நான் கையெழுத்துப் போட்டதைத் திருப்பித் தாருங்கள் என்றேன்.

"நல்லதாச்சு. இது வெளிய கெடந்தா எனக்குத்தான் பிரச்சனை" என்று வாங்கி நாலாகக் கிழித்தார்.

என் காகிதம் எங்கே என்று கேட்டேன்.

"அது பத்திரமா உண்டு," என்றார். "நீ பேடிக்கண்டா, பயப்படாத."