அட்டையில் அழிந்த மகள்

தைவானை அடுத்த எங்கள் சிறு தீவில் முதல் பிள்ளை பிறந்ததும் பெற்றோரின் பழைய பெயர்கள் முடிந்துபோகும். மனோயோ பிறந்த அன்றே சி கமேய் என்ற பெண், சினான் மனோயோ, அதாவது மனோயோவின் தாய், ஆகிவிட்டாள். அதன் பிறகு அவளைப் பழைய பெயரால் அழைப்பது, அந்தக் குழந்தையே இல்லை என்று சொல்வதாகத்தான் எங்கள் காதில் விழும்.

சினான் மனோயோ கதை எழுதுபவள். சேப்பங்கிழங்கு வயலில் குனிந்து நிற்கும் பெண்களின் பேச்சை எங்கள் தாவ் மொழியிலேயே எழுதுவாள். எதிர்ப்பக்கத்துச் சீன மொழியாக்கமும் அவளுடையதே. நெடுங்காலம் காத்திருந்து கிடைத்த முதல் புத்தகம் இது. கையெழுத்துப்படியின் முதல் பக்கத்தில் தன் பெயரைத் தெளிவாக எழுதித்தான் தைபே பதிப்பகத்துக்கு அனுப்பியிருந்தாள். நான் பணியாற்றும் பள்ளியில் புத்தகப் பெட்டிகளைப் பிரித்தோம். அட்டையில் அவள் படத்துக்குக் கீழே சி கமேய் என்றிருந்தது.

அவள் கணவனின் அத்தை, மடியிலிருந்த மனோயோவை இறுக அணைத்துக்கொண்டாள். "யாருடி இந்தப் பிள்ளையில்லாதவ? மூஞ்சி மட்டும் உன்னோடதா இருக்கு."

வெளியீட்டு விழாவுக்காக வந்திருந்த பதிப்பாளர் கோ பதற்றப்படவில்லை. "முன்னாடி கதைக்குப் பரிசு வாங்கினப்ப அந்தப் பேருதானே இருந்துச்சு? வாசகருக்கு அதுதான் தெரியும். மாத்தினா விக்காதுங்க."

"அப்ப எனக்குப் பிள்ளை இல்ல. இப்ப இருக்கா. அந்தா, உங்க எதிர்லயே உக்காந்திருக்கா."

"அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

'அழியும் மரபின் காவலர்' என்று பின்னட்டையில் அவளைப் பாராட்டியிருந்தார்கள். காவலரின் மகளை முன்னட்டையில் அழித்துவிட்டுப் பின்னட்டையில் மரபைப் புகழ்கிறார்கள். இதை அறியாமை என்று மன்னிக்கவும் வழியில்லை. அவள் எழுதிக் கொடுத்த பிறகும் இப்படிச் செய்திருக்கிறார்கள்.

பிற்பகல் பள்ளியின் விழாக்கூடம் நிறைந்தது. கோ மேடையேறி, "எழுத்தாளர் சி கமேய், வாங்க" என்று அழைத்தார். முன்வரிசையில் இருந்தவள் அசையவில்லை. மீண்டும் அழைத்தார். ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

"அப்படி யாரும் இங்க இல்லையே," என்றான் அவள் கணவன். "அடுத்த ஊர்ல விசாரிச்சுப் பாருங்க."

சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை.

கோவின் குரல் தாழ்ந்தது. "சரி. சினான் மனோயோ, வாங்க."

அவள் எழுந்தாள், மேடைக்குப் போகவில்லை. "வாயால சொல்ல முடியுதுல்ல? அச்சுலயும் போடுங்க. இந்தப் பெட்டியெல்லாம் சாயங்காலக் கப்பல்ல திரும்பிப் போகட்டும்."

"இன்னொரு தடவை அச்சடிக்க மாட்டோம்மா. யோசிச்சுக்கோங்க."

"அப்ப புத்தகமே வேண்டாம்."

அத்தையிடமிருந்து மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். முதல் பெட்டியை அவள் கணவன் தோளில் ஏற்றினான்; இரண்டாவதை நான் தூக்கினேன்.