மாலை போட ஒரு சிரித்த படம்

சீரியலில் ஒருவரைச் சாகடிக்கப் போகிறார்கள் என்றால் அதை அவரிடம் யாரும் நேரில் சொல்வதில்லை. மேனேஜர் பக்கத்தில் வந்து நின்று, "உங்க போட்டோ ஒண்ணு வேணுமேம்மா" என்பார். நேராகப் பார்க்கிற மாதிரி, முகம் பெரிதாக, லேசாகச் சிரித்த படம். சட்டம் போட்டு, மாலை சார்த்தி, கதையில் வரும் வீட்டின் ஹாலில் மாட்டுவதற்கு. எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரிதான் கேட்பார்கள், நாங்களும் தெரியாத மாதிரிதான் கொடுப்போம்.

என்னிடம் கேட்ட அன்று நான் மேக்கப்புக்கு உட்கார்ந்திருந்தேன்.

"எதுக்குப்பா?"

"சும்மாதாம்மா. ஆபீஸ்ல வெச்சுக்க."

ஆபீஸில் வைத்துக்கொள்ள யாராவது சிரித்த படம் கேட்பார்களா? ஆதார் அட்டைக்கு உட்கார்ந்தபோதுகூட சிரிக்காதே என்றுதான் சொன்னார்கள். "தேடிப் பாக்கறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று பிடித்த சந்தேகம் அதன் பிறகு என்னை விடவேயில்லை.

நான் பத்தொன்பது வயதிலேயே மாமியார் ஆனவள். நிஜத்தில் அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு நாடகக் குழு இருந்தது. சுற்றுவட்டாரத்தில் எங்கே திருவிழா மேடை போட்டாலும் எங்களைக் கூப்பிடுவார்கள். கதாநாயகி மட்டும் மெட்ராஸிலிருந்து வருவாள். எனக்குக் கட்டைக் குரல். நான் அழுதால் யாரும் நம்பவில்லை, திட்டினால் எல்லோரும் நம்பினார்கள். முகப் பவுடரை என் தலையில் கொட்டி நரையாக்கி, "இனிமே நீதாம்மா மாமியாரு" என்று சொல்லிவிட்டார் எங்கள் வாத்தியார்.

தாமல் கிராமத்தில் ஒரு முறை, மருமகளைப் பட்டினி போடும் காட்சி நடந்துகொண்டிருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி பாதியில் எழுந்து போனாள். நாடகம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்புமாக மேடையேறி வந்து மருமகளின் முன்னால் வைத்தாள். "நீ துன்னும்மா. இவ இன்னா கேக்கறானு நான் பாத்துக்கறேன்" என்றாள். கதாநாயகியும் உட்கார்ந்து சாப்பிட்டாள். காலையிலிருந்து ஒரு பன்னும் டீயுமாக நானும்தான் நின்றிருந்தேன், என்னை யார் கேட்டார்கள்? ஆனாலும் உள்ளுக்குள் எனக்கு ஒரே பெருமை.

மேடைகள் குறைந்த பிறகு சீரியலுக்குப் போனேன். பக்கத்து வீட்டு அத்தை, ஜாதகம் கொண்டுவரும் மாமி, ஆஸ்பத்திரி வாசலில் அழும் கூட்டத்தில் ஒருத்தி. இப்படியே பல வருஷம் ஓடியது. கடைசியில்தான் நல்ல கெட்ட மாமியார் ஒருத்தி எனக்குக் கிடைத்தாள். சொத்துக்காக மகனையே வீட்டை விட்டுத் துரத்துகிறவள். டைட்டிலில் என் முகம் தனியாக வந்தது. இந்த வயதில் இந்த வேஷம் போனால் இன்னொன்று வராது. அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

ஊரில் என் நிலைமை வேறு. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு குறைவு. கை தறியில் இருக்க, டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு சீரியலைக் காதால்தான் பார்ப்பார்கள். காய் வாங்கப் போய் நான் வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் இருப்பவள் திரும்பி முறைப்பாள். காமாட்சியம்மன் கோயில் வரிசையில் ஒருத்தி தன் மருமகளைக் கையைப் பிடித்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி நிறுத்தினாள். என் குணம் அவளுக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்தாளோ என்னவோ. இதையெல்லாம் நான் விருதாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

போட்டோ விஷயத்துக்கு வருகிறேன். வருஷக்கணக்காக எடுத்து வைத்திருக்கிறார்களே, அதிலிருந்து ஒரு முகத்தை வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று எனக்கும் தோன்றியது. எடிட்டிங்கில் இருக்கும் பையன் ஒருவன் பேச்சுவாக்கில் உண்மையைக் கொட்டிவிட்டான். "தேடிப் பாத்துட்டோம்மா. ஒரு ஃப்ரேம்ல கூட நீங்க நல்லபடியா சிரிக்கல." வாஸ்தவம்தான். அந்த மாமியார் சிரித்தாலே யாருக்கோ விஷம் வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட முகத்துக்கு மாலை போட்டு, அதன் முன்னால் மருமகள் நின்று "அத்தை, நீங்க தெய்வம்" என்று அழ முடியுமா? செத்த பிறகு எல்லா மாமியாரும் தெய்வம்தானே. தெய்வத்துக்கு ஒரு கனிந்த சிரிப்பு தேவைப்பட்டது. கம்ப்யூட்டரில் சிரிக்க வைத்துப் பார்த்தார்களாம், இன்னும் பயங்கரமாக இருந்ததாம்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் சிரிக்காதவரை என்னைச் சாகடிக்க முடியாது.

அன்றிலிருந்து செட்டில் சிரிப்பதை நிறுத்தினேன். கையில் போன் வைத்திருக்கும் எவரைப் பார்த்தாலும் சந்தேகம். மருமகளாக நடிக்கும் பெண் பெங்களூர்க்காரி. என்னைக் கேமராவுக்கு வெளியேயும் "அத்தை" என்றுதான் கூப்பிடுவாள், நல்ல பெண் என்றுதான் நினைத்திருந்தேன். "அத்தே, ஜாலியா ஒரு ரீல்ஸ் பண்ணலாமா?" என்று கேட்டாள் பாருங்கள், அந்த நிமிஷமே அவள்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அவளோடு ஆடினேன். அதை ஏகப்பட்ட பேர் பார்த்தார்களாம், காமெடி என்று.

ஐயம்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். வீடியோக்காரர் என் முகத்துக்கு நேராக லைட்டைப் பிடித்து, "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார். இவர் யார், யாருக்கு வேண்டியவர் என்று யோசித்தேன். மணமக்களுக்கு அட்சதை போட்டபோதுகூட எழவு வீட்டுக்கு வந்தவள் போலத்தான் நின்றேன். பெண்ணின் அம்மா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

இதற்கிடையில் ஸ்கிரிப்டில் எனக்கு ஓர் இருமல் வைத்தார்கள். சீரியலில் யாரும் காரணமில்லாமல் இரும மாட்டார்கள். இன்றைக்கு இருமல், அடுத்த வாரம் கைக்குட்டையில் ரத்தம். டைரக்டர், "கேஷுவலா ஒரு இருமல்மா" என்றார். இருமினேன். இருமிவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பி, "எவடீ அங்க மொளகா வறுக்கறது? என்னைக் கொல்லப் பாக்கறியா?" என்று ஒரு கத்து கத்தினேன். ஸ்கிரிப்டில் இல்லாத வசனம். டைரக்டர் கைதட்டி அதை அப்படியே வைத்துக்கொண்டார். இருமல் மிளகாய்க் கணக்கில் போய்விட்டது, நோய் வரவில்லை.

வீட்டிலும் இந்தக் கெடுபிடிதான். என் வீட்டுக்காரர் ஒரு பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் நான் பஸ் ஏறும்வரை கூட வருவார், திரும்பும்போது கேழ்வரகுக் கூழோ தோசையோ தயாராக இருக்கும். ஓசூரில் இருக்கும் எங்கள் மகள் வீடியோ காலில் பேத்தியைக் காட்டுவாள். அந்தப் பக்கம் யார் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார்களோ, அது எங்கே போய்ச் சேருமோ என்று நான் முகத்தை இறுக்கியே வைத்திருப்பேன். "இன்னாமா, கொழந்தயப் பாத்துமா இப்பிடி?" என்று அவர் ஒரு தடவை கேட்டார். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்றேன். அவர் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாதங்கள் போயின. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் ஸ்கிரிப்டைக் கொடுத்தார்கள். மாமியார் மாடிப்படியில் உருண்டு விழுகிறாள், அடுத்த காட்சியில் ஹாலில் கிடத்தியிருக்கிறார்கள். இருமல்கூட இல்லை, நேராகச் சாவு. சாவைவிட, படம் எப்படிக் கிடைத்தது என்பதுதான் மண்டையைக் குடைந்தது. எனக்குப் புடவை கட்டிவிடும் காஸ்ட்யூம் அம்மாவா? ரீல்ஸ் மருமகளா? கல்யாண வீடியோக்காரரா? ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டேன். எல்லோரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். ஒருவரையும் நான் நம்பவில்லை.

சாவு காட்சி எடுத்தார்கள். பெஞ்சில் படுக்க வைத்து, தாடையைத் துணியால் கட்டி, நெற்றியில் காசு ஒட்டினார்கள். மருமகள் மேலே விழுந்து அழுதாள், நன்றாகவே அழுதாள். பிணமாகப் படுத்திருக்கும்போது கண்ணைத் திறக்கக் கூடாது. திறந்தேன். ஆர்ட் டிபார்ட்மெண்ட் ஆள் ஒருவர் அடுத்த காட்சிக்கான படத்தைச் சுவரில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். சந்தன மாலைக்குள்ளே நான் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஈரத் தலை, கழுத்தில் ஒரு நகையும் இல்லை. பின்னால் ஒரு நீல ஜன்னல், அதன் கம்பியில் ஒரு துண்டு காய்கிறது. அது எங்கள் வீட்டு ஜன்னல்.

ஷாட் முடிந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் அப்படியே எழுந்து போய்விடக் கூடாது. எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அந்தச் சிரிப்பையும் படம் பிடித்த பிறகுதான் கேமராவை நிறுத்துவார்கள். இல்லாவிட்டால் நடித்தவருக்கும் ஆகாது, யூனிட்டுக்கும் ஆகாது. கேமராமேன், "சிரிச்சிடுங்கம்மா" என்றார்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். சிரிக்கவில்லை.

"அந்தப் படத்த யாரு குடுத்தது? சொன்னாத்தான் சிரிப்பேன்."

செட்டே நின்றுவிட்டது. கேமரா ஓடிக்கொண்டேயிருக்கிறது. நிறுத்த யாருக்கும் தைரியமில்லை. டைரக்டர் கையெடுத்துக் கும்பிட்டார், லைட்மேன்கள் முணுமுணுத்தார்கள், மருமகள் நிஜமாகவே அழ ஆரம்பித்தாள். கடைசியில் மேனேஜர்தான் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். "உங்க வீட்டு சார்தாம்மா அனுப்பினாரு. வாட்ஸ்அப்ல."

சிரித்தேன். அது மாமியாரின் சிரிப்பு, விஷம் வைத்தவளின் சிரிப்பு. அவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கற்பூரம் சுற்றிப் பூசணிக்காய் உடைத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்து என் ஷூட்டிங் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நீங்களா குடுத்தீங்க?"

"ஆமா."

"அது எதுக்குனு தெரியுமா?"

"தெரியும். அந்த மேனேஜரு எப்பலேந்தோ கேட்டுக்கினே இருந்தாரு. இல்லபா, இல்லபானு நானும் சொல்லிக்கினுதான் இருந்தேன்."

"அப்புறம் இன்னா வந்துது?"

அவர் முந்தானையை நீவி விட்டுக்கொண்டே பேசினார். "வூட்ல நீ சிரிச்சி எவ்ளோ நாளாவுதுனு உனக்குத் தெரியுமா? அந்தக் கொழந்த போன்ல உன்னப் பாத்தா அழுவுது. நானும் ராத்திரி பகலா ஒரு மாமியாரோட இருக்கற மாரிதான் இருக்குது. யாராவது ஒருத்தி போயித்தான் ஆவணும். அங்க இருக்கறவ போவட்டும்னு குடுத்துட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

அது என் வேலை. என்னைக் கேட்காமல் கொடுத்தது தப்பு, அதை இன்றைக்கும் அவர் முகத்துக்கு நேராகச் சொல்கிறேன். அன்றும் வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றுபோனது, கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். கத்தி முடித்த பிறகு, மிச்சமிருந்த ஒரு சந்தேகத்தையும் கேட்டுவிட்டேன். சட்டத்துக்குள் அப்படிச் சிரிக்கிறவளை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"அது எப்ப எடுத்தது?"

"இந்த சீரியல்ல நீதான் மாமியாருனு போன் வந்துதே, அன்னிக்கு. தலைக்குக் குளிச்சிட்டு வந்த. பேசி முடிச்சிட்டு ஜன்னலாண்ட நின்னுக்கினு நீயே சிரிச்சிக்கினு இருந்த. பாத்தேன், எடுத்து வெச்சேன்."

நான் அந்தப் புடவைகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த வேஷம் கிடைத்த சந்தோஷத்தில் சிரித்த முகத்துக்குத்தான் அவர்கள் மாலை போட்டு மாட்டியிருக்கிறார்கள்.