ஆத்மநாதனின் தூஜா வேலி

சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோது ஆத்மநாதனின் அரண்மனைக் குமாஸ்தா வேலை போயிற்று, மிடுக்கு போகவில்லை. அரிமளத்துச் சொந்த வீட்டுக்கு வந்து, ஒரு செவலை மாட்டை வைத்துப் பிழைத்தார். கறப்பதும் சாணி அள்ளுவதும் அவரேதான். ஆனால் தன்னை ஆபீசர் என்று சொல்லி வைத்திருந்ததால், தெரு அதைப் பார்த்துவிடக் கூடாது.

ஊரில் எல்லோருக்கும் கிழுவை வேலிதான். "அது ஆட்டை மறிக்கிற வேலி" என்று சொல்லிவிட்டு, பெங்களூரிலிருந்து தூஜாக் கன்றுகள் வரவழைத்துத் தொழுவத்துக்கும் தெருவுக்கும் நடுவே நெருக்கமாக நட்டார். தூஜா ஊசியிலை மரங்களின் இனம். விசிறி விசிறியாகத் தழைத்து, எந்தப் பருவத்திலும் பச்சையாக நிற்கும். கோடையில் மட்டும் தண்ணீருக்கு ஏங்கும். ஆகவே, மாட்டு வேலையை மறைக்க நட்ட வேலிக்கு ஆபீசர் நடுத்தெருவில் நின்று குடம் குடமாக ஊற்றினார்.

"வேலையாளு இன்னைக்கும் வரலீங்களா?" என்று போகிறவர்கள் கேட்பார்கள்.

"லீவு" என்பார். அந்த லீவு ஏழெட்டு வருஷம் நீடித்தது.

வருஷந்தோறும் நுனியைக் கத்தரிக்க வேண்டும் என்று கன்று விற்றவன் சொல்லியிருந்தான். அரண்மனை உயரம் வரட்டும் என்று இவர் விட்டுவிட்டார். மகள் அழகியைப் பெண் பார்க்கப் பொன்னமராவதியிலிருந்து வருவதாகச் செய்தி வந்தபோது, வேலி தெருப்பக்கம் சாய்ந்து கிடந்தது. வேலி வெட்டும் மூக்கனை அழைத்தார்.

"எம்புட்டு வெட்டணுங்க?"

"கிழுவையை வெட்டுற மாதிரி வெட்டு. அவங்க வர்றதுக்குள்ள தழைஞ்சிரும்."

கிழுவை எங்கே வெட்டினாலும் துளிர்க்கும். தூஜா, இலையற்ற முற்றிய கட்டையில் துளிர்க்காது. மூக்கன் கட்டைவரை வெட்டிய இடத்தில், தொழுவத்துக்கு நேர் எதிரே, ஒரு ஜன்னல் திறந்ததுபோல் காய்ந்த ஓட்டை விழுந்தது.

"பழைய வேட்டியைக் கட்டி மறைச்சிருவமா?" என்றாள் மனைவி செவந்தி.

"ஆபீசர் வீட்டு வேலியில வேட்டியா?"

மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் நல்லதம்பி ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தார். உள்ளே, தலையில் சாணிக்கூடையோடு ஆத்மநாதன்.

"ஏம்ப்பா, ஒங்க ஆபீசரு இருக்காரா?"

"இருக்காரு. அங்கிட்டுப் போயி உக்காருங்க."

குளித்து, கோட்டுப் போட்டு ஆபீசர் வந்தார்.

நல்லதம்பி காப்பியைக் கையில் வாங்கினார். "பொண்ணு பிடிச்சிருக்குங்க. ஒங்க மாடும் நல்லாருக்கு. மாட்டையும் அந்த ஆளையும் சீரோட அனுப்பிருங்க."

ஆத்மநாதன் கோட்டின் மேல்பொத்தானைப் போட்டார். காப்பி கொடுத்த அழகிதான் வாய் திறந்தாள்: "அந்த ஆளு எங்க அப்பாதாங்க."

"தெரியும்மா. அவரே சொல்றாரான்னுதான் கேட்டுப் பாத்தேன். சரி, மாட்டை மட்டும் குடுங்க."

கல்யாணம் நடந்தது. மாடு மகளோடு போனது. ஆத்மநாதன் கோட்டோடு சம்பந்தி வீட்டுக்கு முதல் விருந்துக்குப் போனபோது, நல்லதம்பி அவரை நேரே தொழுவத்துக்கு அழைத்துப் போனார்.

"யாரையும் கிட்ட விட மாட்டேங்குது, சம்பந்தி. கொஞ்சம் பாருங்க."

சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் பார்த்திருக்க, அவர் கோட்டைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, மாட்டின் மடியருகே கறக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.