ஆனை குரூப்பில் போன கதை

என் கதைகளை எங்கே போட்டால் ஆட்கள் படிப்பார்கள் என்று வருடக்கணக்கில் தேடினேன். ஃபேஸ்புக்கில் போட்டேன், சொந்தக்காரர்கள் படிக்காமலே கைகூப்பும் படம் போட்டார்கள். இன்ஸ்டாவில் போட்டோ இருந்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மா போன பிறகு போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருக்கிறேன். நான் எதைப் போட்டோ எடுப்பது?

கடைசியில் கதை எழுதுகிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். ஒரு சாயங்காலம் புதுக் கதையின் தொடக்கத்தை அனுப்பினேன்: “வாசலில் ஆனை நிற்கிறது. வீட்டில் நான் மட்டும்தான். கதவைத் திறக்கலாமா என்று யோசிக்கிறேன்.”

விரல் தவறி அது எங்கள் தோட்டத்து ஆனை குரூப்புக்குப் போய்விட்டது. ஆனை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று மட்டும் சொல்வதற்கான குரூப் அது.

அடுத்த நிமிடம் லயம் முழுக்க ஆனையை விரட்டத் தகரம் தட்டும் சத்தம். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா போனில் கத்தினார்.

“ஏ புள்ள, கிறுக்கா உனக்கு? கதவத் தொறந்துராத! நாங்க பந்தத்தோட வாறோம்!”

“அக்கா, அது கதைக்கா. நான் எழுதுனது.”

அக்கா போனைப் பிடித்தபடியே மற்றவர்களுக்கும் கத்திச் சொன்னார். தகரச் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

“சரி, ஆனைய விடு,” என்றார் அக்கா. “அந்தப் பொம்பள எதுக்குப் புள்ள கதவத் தொறக்க நெனச்சா?”

என் கதையைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. யாராவது வந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. அதை அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை.

“இன்னும் எழுதலக்கா,” என்று சொல்லிவிட்டேன்.