மடியில் இருந்த கற்பூரம்

குடியை விட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்மதுளை டவுனில் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தேயிலைத் தோட்டத்திலிருந்து நடந்தே போனேன். மடியில் கற்பூரம் வைத்திருந்தேன். எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வதுதான் எங்கள் வழக்கம்.

கடைத்தெருவில் நான் கேட்ட யாருக்கும் அந்த இடம் தெரியவில்லை. கடைசியில், நான் வழக்கமாகச் சாராயம் குடிக்கும் தவறணைக்காரரிடமே கேட்டேன்.

"என் பொழைப்பக் கெடுக்கிறவனுங்கதானே? துணிக்கடைக்குப் பின்னால போ. சாயங்காலம் எப்படியும் இங்கதான் வருவ" என்று சிரித்தார்.

அங்கே ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கற்பூரத்தை எடுத்ததும், ரப்பர் பால் வெட்டும் ஒருவர் தடுத்தார்.

"இதுக்கு முன்ன எத்தன தடவ கற்பூரம் அடிச்சீங்க?"

"மாரியம்மன் கோயில்ல மூணு தடவ."

"நான் அஞ்சு. இங்க சத்தியம் வேணாங்க. ஞாயித்துக்கெழம வாங்க, குடிச்சிருந்தா குடிச்சேன்னு சொல்லுங்க. அது போதும்."

எனக்குக் கோபம் வந்தது. சத்தியத்தை மீறினால் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுத் தப்பிக்கலாம். இவர்கள் முகத்தைப் பார்த்தல்லவா சொல்ல வேண்டும்! ஆனாலும் கற்பூரத்தை மறுபடி மடியில் முடிந்துகொண்டு உட்கார்ந்தேன்.

சாயங்காலம் நான் திரும்பும்போது தவறணைக்காரர் கடை வாசலிலேயே நின்றார். "என்ன, எடம் கெடைச்சுதா?"

"கெடைச்சுதுங்க. இனி வழி கேக்கவும் இங்க வரமாட்டேன்" என்றேன், நடையை நிறுத்தாமல்.