கப்பல்காரர் காத்த பெயர்

சாயங்கால பஸ் கடைசி வளைவில் ஹாரன் அடிக்கும் நேரத்துக்கு என் குவார்ட்டர்ஸ் வேலியோரம் ஒரு செவலைப் பசு வந்து நிற்கும். பலாச் சக்கை போட்டால் அதைத் தின்னும். போடாவிட்டால் வேலியைத் தின்னும். அதற்கு ஒரு பெயர் உண்டு. இந்த மலையில் வேறு எந்த மாட்டுக்கும் மனுஷிக்கும் இல்லாத பெயர். அதை இங்கே எழுதப்போவதில்லை. ஏன் எழுதமாட்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தென்கோடியிலிருந்து மாற்றலாகிக் கொல்லிமலைக்கு வந்த நர்ஸ் நான். சீக்கிரமே இறங்கிவிடலாம் என்ற நம்பிக்கையில் பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. இங்கே சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. பெரக்கரை நாட்டில் என் பொறுப்பில் இருந்த வீடுகளில் ஒன்று கமாண்டருடையது. கடற்படையில் ஓய்வு பெற்று, மனைவி இறந்த பிறகு இங்கே மிளகுத் தோட்டம் வாங்கித் தனியாக இருந்தார். மலைக்காரர்களுக்கு அவர் கப்பல்காரர். கப்பலில் என்ன வேலை என்று கேட்டால், கணக்கு எழுதும் வேலை என்பார். ரத்த அழுத்தம் பார்க்கப் போனால் கையை நீட்டுவாரே தவிர வாயைத் திறக்கமாட்டார். இவ்வளவு அழுத்தமான மனிதருக்கு ரத்தத்திலும் அது இருப்பதில் ஆச்சரியமில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் அவரே துணை சுகாதார நிலையத்துக்கு நடந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நாமக்கல்லில் டாக்டரைப் பார்த்திருக்கிறார். மறதி நோய், இனி கூடத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டார்களாம். சாவைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ அவர் பேசவில்லை.

"இனிமே என் வாய் எம் பேச்சைக் கேக்காது கண்ணு. அதுல இருந்து ஒரு பேரு வெளிய வந்துரும். வரக்கூடாது. நீதான் பாத்துக்கோணும்" என்றார்.

எதைக் காக்கிறோம் என்று தெரியாமல் காக்க முடியாது என்றேன். அதன் பிறகுதான் சொன்னார்.

ராசிபுரம் பக்கத்துக்காரர். கணிதம் படித்துவிட்டுக் கடல் பார்க்கும் ஆசையில் கடற்படையில் சேர்ந்தவரை, உளவுப் பிரிவில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். எதிரிக் கப்பல்கள் வயர்லெஸ்ஸில் அனுப்பும் செய்திகளை ஆட்கள் கேட்டு எழுதித் தருவார்கள். எல்லாம் வெறும் எண்கள். அந்த எண்களைப் பிரித்துச் சொற்களாக்குவது அவர் வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில் போர் வந்தபோது எதிரிகள் சங்கேதத்தை மாற்றிவிட்டார்கள். அறையில் யாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. நம் கப்பல்களோ கடலில் நின்றன.

போருக்குச் சில மாதம் முன்னால் எதிரிக் கப்பலொன்றின் வயர்லெஸ்காரன், கரையிலிருந்த நண்பனிடம் சங்கேதம் போடாமல் வெறும் பேச்சில் ஒரு சேதி சொல்லியிருந்தான். மகள் பிறந்திருக்கிறாள், இன்ன பெயர் வைத்திருக்கிறோம் என்று. அதையும் நம் ஆட்கள் கேட்டு எழுதி வைத்திருந்தார்கள். இப்போது அதே கப்பலின் மாலைச் செய்திகள் எல்லாம் ஒரே எண்களில் முடிவதை இவர் கவனித்தார். உத்தரவுகள் தினமும் ஒரே மாதிரியா முடியும்? வீட்டை விட்டு வந்த அப்பன் கடைசியாக வேறு யாரை விசாரிப்பான் என்று யோசித்து, அந்த எண்கள் இருந்த இடத்தில் குழந்தையின் பெயரை வைத்துப் பார்த்தார். பொருந்தியது. அந்த எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. கப்பல் நிற்கும் இடம் தெரிந்தது. நம் ஆட்கள் போய் அதை மூழ்கடித்தார்கள். அதற்குப் பிறகு அந்த வயர்லெஸ்காரனிடமிருந்து சத்தமே இல்லை.

"ரூம்ல எல்லாரும் கை தட்டுனாங்க. நானுந்தான் தட்டுனேன்."

அதில் அவருக்கு வருத்தம் இல்லை. நம் மாலுமிகள் வீடு திரும்பினார்கள்; இன்னொரு முறை அந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் அதையேதான் செய்வேன் என்றார். பதக்கம் கொடுத்தார்கள். பதவி உயர்ந்து, கடைசியில் அந்த அறைக்கே தலைவராகி ஓய்வு பெற்றார். கூட வேலை பார்த்தவர்கள் இப்போது பேட்டி கொடுக்கிறார்கள். நீங்களும் பேசுங்கள் என்று மகன் நச்சரிக்கிறான். இவர் மசியவில்லை.

"அந்தப் புள்ளைக்கு இப்பப் பேரன் பேத்தி இருக்கும். அவ பேரை வெச்சுத்தான் அவ அப்பனைப் புடிச்சோம்னு அவளுக்குத் தெரியவே கூடாது. கதையைச் சொன்னாச் சொல்லிக்கோ கண்ணு, அது நூறு பேருக்குப் பொருந்தும். பேரு ஒருத்திக்குத்தான்."

அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பெயர் வந்தது. வாசலில் நின்று, விளையாடப் போன குழந்தையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார். நான் கதவைச் சாத்தினேன், ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். ஒரு கமாண்டரின் குரலுக்கு முன்னால் ரேடியோ எம்மாத்திரம்? மகன் வேறு வருவதாகச் சொல்லியிருந்தார். அப்பா இப்போதாவது மனம் திறந்து பேசுவார், போனில் பதிவு செய்துகொள்ளலாம் என்று அவருக்கு ஆசை.

தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு விவசாயி என் தவிப்பைக் கவனித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெயர் வெளியாள் காதில் விழக்கூடாது என்பதை மட்டும் அவரிடம் சொன்னேன்.

"பூட்டி வெக்க முடியாதுங்க நர்ஸம்மா. நேத்து ஈன்ன கன்னுக்கு அதையே வெச்சுப்போடலாமுங்க. நாங்களும் கூப்புட்டா, ஐயா கூப்புடறதும் அதோட சேந்துக்கும்."

அது யார் பெயர் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா என்றேன். சொல்ல வேண்டும் என்றிருந்தால் ஐயாவே சொல்லியிருப்பார் என்று சொல்லிவிட்டுப் புல் அறுக்கப் போய்விட்டார். அன்றைக்கே அவர் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பெயரைக் கத்திக்கொண்டு கன்றின் பின்னால் ஓடினார்கள்.

மகன் வந்தார். போனை எதிரில் வைத்துக்கொண்டு, போரைப் பற்றிச் சொல்லுங்கள் அப்பா என்றார். கமாண்டர் வெளியே எட்டிப் பார்த்து அந்தப் பெயரைச் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். மகனின் முகம் மாறியது. அப்பா ஊர் ஊராகப் போனவர், அம்மா தனியாகவே கிடந்தவள். அவர் நினைப்பு எங்கே போகிறது என்பது எனக்குப் புரிந்தது. "யாருங்க சிஸ்டர் அது?" என்றார். நான் மாத்திரை டப்பாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"இங்கதானுங்க கட்டியிருக்குது, இந்தா கூட்டியாரேன்" என்று கொட்டகையிலிருந்து குரல் வந்தது. விவசாயி கன்றைப் பிடித்துவந்து நிறுத்தினார். கமாண்டர் அதன் நெற்றியில் கை வைத்ததும் அடங்கிவிட்டார். மகன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கமாண்டர் இறந்து காரியம் முடிந்த அன்று மகன் என்னிடம் வந்தார். காலமெல்லாம் கடலோடு இருந்த மனிதருக்கு, மாட்டுக்கு வைக்க அந்தப் பெயர் எங்கே கிடைத்தது என்று கேட்டார். அப்பாவைப் பற்றி அவர் தப்பாக நினைத்துக்கொண்டே மலையிறங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை. கதையைச் சொன்னேன், பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. அவர் போனை எடுத்து அந்தப் பதிவை ஒரு முறை ஓடவிட்டார். அப்பாவின் குரல் அந்தப் பெயரைக் கூப்பிட்டது. பிறகு அதை அழித்துவிட்டார். அப்பாவின் குரலென்று அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். வைத்துக்கொள்ளுங்களேன் என்றேன். "வேண்டாங்க சிஸ்டர்" என்றார். நான்தான் அழுதேன்.

மலையிறங்க எனக்கு இரண்டு முறை உத்தரவு வந்தது. இரண்டு முறையும் போராடி இங்கேயே இருந்துவிட்டேன். இதைப் படித்துவிட்டு யாராவது தேடி வரலாம். வரட்டும். செவலை என்று எழுதியிருக்கிறேன், கறுப்பாகவும் இருக்கலாம். மாட்டின் பெயரைக் கேட்டால் பெரக்கரை நாட்டில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வாரம் மகன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து என் வேலியோரம் நின்றார். பசு சரிவின் அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தது. கூப்பிட வாயெடுத்தவர் கொஞ்சம் நின்றார். பிறகு கையைத் தட்டி, "கண்ணு, இங்க வா" என்றார். அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தது.